பருப்பு வேகாததும் கேத்தில் இரைவதும்: கிணற்று நீரால் வரும் கோளாறுகளை அறிகுறி வழியே தேடுதல்

யாழ்ப்பாணத்துக் கோண்டாவிலில் நான் நடத்தும் சிறிய திருத்தகத்துக்கு வரும், நீர் கொதிக்கவைக்கும் மின்கேத்தில்களில் பாதிக்கு மேற்பட்டவற்றுக்கு மின்கோளாறு எதுவும் இருப்பதில்லை. அடித்தகட்டில் வெள்ளையாகப் படிந்திருக்கும் சுண்ணாம்பை நீக்கிவிட்டால் அவை பழையபடி வேலை செய்யும். கொண்டுவந்தவரிடம் சற்றுப் பேச்சுக் கொடுத்தால், அதே வீட்டில் பருப்பு வேக நேரமெடுப்பதும், தேத்தண்ணீரில் ஆடை படர்வதும், வெள்ளை உடுப்பு பழுப்பேறுவதும் ஒவ்வொன்றாக வெளிவரும். ஒவ்வொன்றுக்கும் அவரிடம் ஒரு காரணம் இருக்கும்: பருப்புப் பழசு, தேயிலை கலப்படம், சவர்க்காரம் போலி. சிலவேளை அது உண்மையாகவும் இருக்கும். ஆயினும் எங்கள் வலிகாமப் பகுதியில் முதலில் சந்தேகிக்க வேண்டியது கிணற்றைத்தான், ஏனெனில் அதைச் சோதிக்க ஒரு சதமும் செலவில்லை.

யாழ்ப்பாணக் குடாநாடு சுண்ணக்கல்லின் மேல் அமைந்திருக்கிறது. மண்ணுக்குள் இறங்கும் மழைநீர் காபனீரொட்சைட்டை ஏற்று மென்னமிலமாகி, அந்தக் கல்லைச் சிறிது சிறிதாகக் கரைத்துக்கொண்டு கிணற்றை அடைகிறது. கரைந்து வரும் கல்சியம் இருகாபனேற்று, நீர் சூடானதும் மீண்டும் கல்லாகிப் படிகிறது. கீழே உள்ளவற்றைச் செய்து பார்க்க இவ்வளவு தெரிந்தால் போதும்.

எதற்கும் முன்: மூன்று போத்தல் சோதனை

ஒரே அளவான மூன்று தெளிந்த போத்தல்களை எடுத்து, முதலாவதில் மழைநீரும் இரண்டாவதில் கிணற்று நீரும் அரைவாசி நிரப்ப வேண்டும். மழைநீர் கிடைக்காத மாதங்களில் கடையில் வாங்கும் காய்ச்சி வடித்த நீர் அந்த இடத்துக்குப் போதும். மூன்றாவதில், கிணற்று நீரைப் பத்து நிமிடம் கொதிக்கவைத்து, ஆறவிட்டு, அடியில் தங்கும் வெண்பொடி கலங்காமல் மேலிருந்து வடித்த நீரை விட வேண்டும். உடுப்புத் தோய்க்கும் கட்டிச் சவர்க்காரத்தைச் சீவி, ஒவ்வொன்றிலும் ஒரே அளவான ஒரு சிட்டிகை இட்டு, மூடி, இருபது தடவை குலுக்க வேண்டும். பாத்திரம் கழுவும் திரவத்தையோ சலவைத் தூளையோ இதற்குப் பயன்படுத்தக் கூடாது. அவை வன்னீரிலும், அதாவது கல்சியம் போன்றவை மிகுதியாகக் கரைந்த கடின நீரிலும், நுரைக்கும்படி செய்யப்பட்டவையாதலால், நீர் நல்லதென்று பொய்ச்சாட்சி சொல்லிவிடும்.

மழைநீரில் நுரை ஒரு விரல் உயரத்துக்கு எழுந்து நிற்கும். கிணற்று நீரில் நுரைக்குப் பதிலாகப் பால் திரிந்தாற்போல வெண்திரள் மிதந்தால் அது வன்னீர். அடுத்து மூன்றாவது போத்தலைப் பார்க்க வேண்டும். அதில் நுரை நன்றாக எழுந்தால் வன்மை தற்காலிகமானது, கொதிக்கவைத்து வடித்தாலே பெரும்பகுதி நீங்கும். மூன்றாவதும் இரண்டாவதைப் போலவே திரிந்துபோனால், சல்பேற்றாகவும் குளோரைட்டாகவும் கரைந்திருக்கும் நிரந்தர வன்மை அதிகம் என்று கொள்ளலாம். கடலுக்கு அண்மையில் உள்ள கிணறுகளில் இதை நான் அடிக்கடி கண்டிருக்கிறேன். இந்த விடையை எங்காவது குறித்து வையுங்கள், இனி வரும் ஒவ்வோர் இடத்திலும் அது தேவைப்படும்.

அறிகுறி: பருப்பு, கடலை, பயறு வேகவில்லை

ஒரே பொதியிலிருந்து இரண்டு கைப்பிடி கடலையை எடுத்து, ஒன்றை மழைநீரிலும் மற்றதைக் கிணற்று நீரிலும் இரவு முழுவதும் ஊறவிட்டு, அடுத்த நாள் அதே நீர்வகைகளில், ஒரே அளவு தீயில், உப்பும் புளியும் இல்லாமல் அவிக்க வேண்டும்.

*இரண்டிலும் வேகாவிட்டால்* குற்றம் கடலையில்தான். வெக்கையான, ஈரம் மிக்க இடத்தில் பல மாதம் கிடந்த தானியத்தின் உள்ளே ஏற்படும் மாற்றம் அதை இறுக்கிவிடுகிறது. நல்ல நீரும் அதை முழுதாகத் திருத்தாது. பொதியை மாற்றுவதே வழி.

*மழைநீரில் வெந்து, கிணற்று நீரில் வேகாவிட்டால்* நீரிலுள்ள கல்சியம், தானியத்தின் கலங்களை ஒட்டி வைத்திருக்கும் பெக்ரினோடு சேர்ந்து அதைக் கரையவிடாமல் பிடித்துக்கொள்கிறது. மூன்றாவது போத்தல் நுரைத்த வீடுகளில், முதல் நாள் கொதிக்கவைத்து வடித்த நீரில் ஊறவைத்து, அதே நீரில் அவித்தால் போதும். அது நுரைக்காத வீடுகளில் ஒரு லீற்றர் நீருக்குக் கால் தேக்கரண்டி அப்பச்சோடாவை ஊறவைக்கும் நீரில் சேர்க்கலாம். அதற்கு மேல் போனால் பருப்புக் களியாகும், சவர்க்காரச் சுவை ஏறும், தயமின் என்னும் உயிர்ச்சத்து பி1 உம் அழியும். ஊறிய நீரைக் கொட்டிவிட்டுப் புதிய நீரில் அவிப்பது நல்லது.

*இரண்டிலும் வெந்து, கறியில் மட்டும் வேகாவிட்டால்* புளி முந்திவிட்டது. புளி, தேசிக்காய், தக்காளி ஆகியவற்றின் அமிலம் பெக்ரினைக் கரையவிடாது. ஒடியல் கூழுக்குப் பயற்றங்காயும் பலாக்கொட்டையும் வெந்த பின்னரே புளிக்கரைசல் விடும் வழக்கம் இந்த உண்மையைச் சமையல்கட்டில் முன்பே அறிந்திருந்ததைக் காட்டுகிறது. உப்பின் மீது சுமத்தப்படும் பழி மட்டும் நியாயமற்றது: ஊறவைக்கும் நீரில் சிறிது கறியுப்பு இட்டால், சோடியம் கல்சியத்தின் இடத்தைப் பிடித்துக்கொள்வதால் தோல் விரைவாக மெலியும். இதை என் மாமியார் இன்றுவரை ஒப்புக்கொள்ளவில்லை. கடலை மட்டும் வேளைக்கு வெந்துவிடுகிறது.

அறிகுறி: தேத்தண்ணீரின் மேல் ஆடை படர்கிறது

கோப்பையின் ஓரத்தில் பழுப்பு வளையமும், மேலே மினுங்கும் மெல்லிய படலமும் தோன்றி, கரண்டியால் தொட்டவுடன் துண்டு துண்டாக உடைந்தால், ஒரு துளி தேசிக்காய்ச் சாறு விட்டுப் பார்க்க வேண்டும். படலம் மறைந்து தேத்தண்ணீரின் நிறமும் வெளுத்தால், தேயிலையின் துவர்ப்புச் சத்து காற்றில் ஒட்சியேற்றமடைந்து, நீரிலுள்ள கல்சியம் காபனேற்றோடு சேர்ந்து திரண்டதுதான் அது. தேயிலையில் குறை இல்லை, உடலுக்குக் கேடும் இல்லை. கொதிக்கவைத்து, தெளியவிட்டு, வடித்த நீரை இரண்டாம் முறை கொதிக்கவைத்துத் தேத்தண்ணீர் போட்டால் படலம் வெகுவாகக் குறையும். சாயம் கடுமையாக ஊற்றினாலும் குறையும். எனினும் எல்லோருக்கும் அது ஒத்துவராது.

தேயிலை போடாத வெறும் கிணற்று நீரிலேயே படலம் தெரிந்தால் கதை வேறு. வாளியில் எடுத்து அசையாமல் வைத்து, ஒரு குச்சியால் படலத்தைக் கீற வேண்டும். கண்ணாடிச் சில்லுப் போல உடைந்து, உடைந்த துண்டுகள் தனித்தனியே நின்றால் பெரும்பாலும் இரும்பும் அதனோடு வாழும் பற்றீரியாவும் காரணம். கீறியவுடன் வானவில் நிறத்தோடு மீண்டும் ஒன்றாகச் சேர்ந்துகொண்டால் அது எண்ணெயாக இருக்கலாம். சுன்னாகத்தைச் சூழ்ந்த கிணறுகளில் எண்ணெய் கலந்த விவகாரம் 2014, 2015 ஆம் ஆண்டுகளில் எவ்வளவு பெரிதாக எழுந்தது என்பது இங்குள்ளோருக்கு நினைவிருக்கும். எண்ணெய் என்ற சந்தேகம் எழுந்த அக்கணமே அந்த நீரைக் குடிப்பதையும் சமைப்பதையும் நிறுத்திவிட்டு, பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கு அறிவிக்க வேண்டும். கொதிக்கவைத்தோ துணியில் வடித்தோ அதைச் சரிசெய்ய முயல்வது வீண்வேலை.

அறிகுறி: கேத்தில் இரைகிறது, சுணங்குகிறது, கொதிக்குமுன் நின்றுவிடுகிறது

என் மேசைக்கு அதிகமாக வருவது இதுவே. சென்ற மாதம் வந்த ஒரு கேத்திலின் அடித்தகட்டிலிருந்து ஒரு சுண்ணாம்புச் சில்லைப் பெயர்த்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். முட்டைக்கோதின் மூன்று மடங்கு தடிப்பு. விளிம்பில் பழுப்பும் வெள்ளையும் மாறி மாறிக் கோடுகள். தகட்டைத் தொட்டிருந்த பக்கம் கண்ணாடி போல வழுவழுப்பு, நீரைப் பார்த்திருந்த பக்கம் பவளப்பாறை போலச் சொரசொரப்பு. இந்தக் கோதுக்கு அடியில் வெப்பம் சிறைப்படுவதால், நீர் கொதிக்குமுன்பே தகடு அளவுக்கு மீறிச் சூடாகி, நீரில்லாமல் எரிவதைத் தடுக்க வைத்திருக்கும் ஆளி தானாகவே மின்னை நிறுத்திவிடுகிறது. கோதின் இடுக்குகளில் நீராவி வெடித்து வெளியேறும் ஓசைதான் அந்த இரைச்சல்.

முதலில் செய்ய வேண்டியது மலிவானது. அடித்தகடு மூழ்கும்வரை வினாகிரியும் நீரும் சம அளவில் விட்டு ஒரு மணிநேரம் வைக்க வேண்டும். சிறு குமிழிகள் எழும்: அமிலம் சுண்ணாம்பைக் கரைக்கும்போது வெளிவரும் காபனீரொட்சைட்டு அது. குமிழி நின்ற பின்னும் கோது மிச்சமிருந்தால் அமிலம் தீர்ந்துவிட்டது என்று பொருள், கொட்டிவிட்டுப் புதிதாக விட வேண்டும். வினாகிரி இல்லாத வீட்டில் அரை லீற்றர் நீருக்கு ஐந்தாறு தேசிக்காய்களின் சாறு உதவும், இரவு முழுவதும் வைக்க வேண்டியிருக்கும். சித்திரிக்கமிலத் தூள் கிடைத்தால் ஒரு லீற்றருக்கு இரண்டு மேசைக்கரண்டி போதும். அதைக் கொதிக்கவைக்காமல் இளஞ்சூட்டில் வைப்பதே நல்லது, ஏனெனில் கொதிநிலையில் கல்சியம் சித்திரேற்று என்ற வேறொரு படிவு உண்டாகி ஒட்டிக்கொள்ளக்கூடும். முடிந்ததும் வெறும் நீரை இரண்டு தடவை கொதிக்கவைத்து ஊற்றிவிட வேண்டும். அலுமினியக் கேத்தில் என்றால் பத்து நிமிடத்துக்கு மேல் வினாகிரியை வைக்கக் கூடாது, அமிலம் உலோகத்தையே தின்னத் தொடங்கும்.

கத்தியால் சுரண்டுவதையும் தரை ஓடு கழுவும் வன்னமிலத்தை ஊற்றுவதையும் நான் கெஞ்சிக் கேட்டுத் தடுக்க வேண்டியிருக்கிறது. அந்த அமிலம் சுண்ணாம்பை ஐந்து நிமிடத்தில் கரைக்கும் என்பது உண்மை. அதன் குளோரைட்டு துருப்பிடிக்கா உருக்கிலும் ஊசித்துளை இடும் என்பதும் உண்மை. அவ்வாறு துளைவிழுந்த ஒரு கேத்திலின் அடியில் நீர் இறங்கி, செருகியவுடன் வீட்டின் ட்ரிப் சுவிட்ச் விழுந்தது. அதைத் திருத்த எந்த வழியும் இருக்கவில்லை.

இன்னொன்றையும் இங்கே சொல்லிவிட வேண்டும். வினாகிரியோ தேசிக்காயோ கழிப்பறை கழுவும் திராவகமோ, எந்த அமிலமானாலும், வெளிற்றும் திராவகத்தோடும் குளோரீன் தூளோடும் ஒருபோதும் சேரக் கூடாது. சேர்ந்தால் குளோரீன் வாயு வெளிவரும். கதவு மூடிய குளியலறையில் அது நுரையீரலைப் புண்ணாக்கும்.

கோது முழுதும் நீங்கிய பின்னும் கேத்தில் முன்கூட்டியே நின்றால் ஆளி பழுதடைந்திருக்கிறது. நீர் நன்றாகக் கொதித்தும் நிற்காவிட்டால், மூடி சரியாக மூடுகிறதா, ஆவி செல்லும் துளை அடைபட்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். தொட்டால் மின் அதிர்வு உணரப்பட்டாலோ, செருகியதும் ட்ரிப் சுவிட்ச் விழுந்தாலோ, உடனே கழற்றி ஒதுக்கிவிட வேண்டும். அதற்குப் பின் திருத்துநரிடம் கேட்க வேண்டியது ஒரு கேள்விதான்: திருத்தும் கூலி புதிய கேத்திலின் விலையில் பாதிக்கு மேல் போகுமா? போகுமென்றால் நானே புதிதை வாங்கச் சொல்வேன்.

அறிகுறி: உடுப்பு மங்கிக் கரடாகிறது, தலைமயிர் பிசுபிசுக்கிறது

போத்தலில் கண்ட அந்த வெண்திரள்தான் இங்கும் குற்றவாளி. சவர்க்காரம் கல்சியத்தோடு சேர்ந்து நீரில் கரையாத பசையாகி, நூலிழைகளிலும் மயிரிலும் ஒட்டிக்கொள்கிறது. சவர்க்காரத்தை அதிகமாகப் போட்டால் பசையும் அதிகமாகும் என்பதால், பலர் நோயையே மருந்தாகக் கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள். சவர்க்காரம் இடுமுன் ஒரு வாளி நீரில் ஒரு மேசைக்கரண்டி சலவைச் சோடாவைக் கரைத்துப் பத்து நிமிடம் விட்டால், கல்சியம் காபனேற்றாகப் படிந்து ஒதுங்கும். அதன் பிறகு சவர்க்காரம் பாதி அளவே தேவைப்படும். பட்டுக்கும் கம்பளிக்கும் சலவைச் சோடா ஆகாது. ஏற்கெனவே கரடான பருத்தித் துணியைக் கடைசி அலசலில், ஒரு வாளிக்குக் கால் கோப்பை வினாகிரி விட்ட நீரில் நனைத்தால் பசை விடும். தலைக்கு அரைத் தேசிக்காயை ஒரு செம்பு நீரில் பிழிந்து கடைசியாக ஊற்றி, பின் வெறும் நீரால் அலசினால் போதும்.

வெள்ளை உடுப்பில் மஞ்சட்பழுப்புப் பொட்டுகள் தெரிந்தால் அது வன்மையின் வேலையன்று, இரும்பு. எங்கள் பக்கத்தில் அது பெரும்பாலும் கிணற்றிலிருந்தன்றிப் பழைய இரும்புக் குழாயிலிருந்தோ துருப்பிடித்த தாங்கியிலிருந்தோ வருவதால், கிணற்றடியில் அள்ளிய நீரையும் வீட்டுக்குழாய் நீரையும் தனித்தனி வெள்ளைக் கிண்ணங்களில் இரவு முழுவதும் வைத்து ஒப்பிட்டால் இடம் தெரிந்துவிடும். இந்தக் கறைக்கு வெளிற்றும் திராவகம் போடக் கூடாது, அது இரும்பை மேலும் ஒட்சியேற்றிக் கறையை நிலைப்படுத்தும். தேசிக்காயும் உப்பும் தேய்த்து வெயிலில் காயவிடும் பழைய முறையே சரியானது. நிறத்துணியில் ஓரத்தில் சோதித்த பின்பே செய்ய வேண்டும்.

குழம்பு சிந்திய வெள்ளைச் சட்டையில் சவர்க்காரம் பட்டதும் மஞ்சள் கறை இரத்தச் சிவப்பாக மாறுவதைக் கண்டு பயந்து வருவோரும் உண்டு. மஞ்சளின் நிறப்பொருள் காரத்தில் சிவக்கும் இயல்புடையது. நீரில் நன்றாக அலசினாலோ தேசிக்காய்ச் சாறு விட்டாலோ மஞ்சளுக்குத் திரும்பும். மீதியை வெயில் பார்த்துக்கொள்ளும்.

அறிகுறி: குழாய்வாயும் ஷவரும் அடைபடுகின்றன

கழற்றி வினாகிரியில் ஊறவிட வேண்டும். கழற்ற முடியாத ஷவருக்கு, பொலித்தீன் பையில் வினாகிரியை விட்டுத் தலைப்பகுதி அமிழும்படி கட்டித் தொங்கவிடலாம். சீமெந்துத் தரையிலும் சலவைக்கல் மேடையிலும் அமிலம் சிந்தக் கூடாது, அவையும் சுண்ணாம்பே. உள்குழாயே அடைபட்டிருந்தால் குழாய் வேலை செய்பவரை அழைக்கத்தான் வேண்டும்.

அறிகுறி: நீர் சவர்க்கிறது

மாரியில் இனித்த கிணறு ஆவணியில் சவர்த்தால், வீட்டுக்குள் செய்யக்கூடியது மிகக் குறைவு. குடாநாட்டு நன்னீர், அடியிலுள்ள உவர்நீரின் மேல் மிதக்கும் ஒரு மெல்லிய படையே. புத்தூர் நிலாவரைக் கிணற்றில் மேல்நீர் நன்னீராகவும் ஆழத்து நீர் உவராகவும் இருப்பது இதற்கு எல்லோரும் அறிந்த எடுத்துக்காட்டு. பெரிய பம்பியால் ஒரேயடியாக இறைத்தால் உவர்நீர் மேலெழும். எனவே முதலில் இறைக்கும் நேரத்தைப் பிரித்து, சிறுகச் சிறுக இறைத்துச் சில வாரம் பார்க்க வேண்டும். கிணற்றை ஆழமாக்கச் சொல்லும் ஆலோசனையை மட்டும் தயவுசெய்து கேட்காதீர்கள், அது உவரை நோக்கிப் பணம் கொடுத்துத் தோண்டுவதாகும்.

நீரை மென்மையாக்கும் கருவி விற்பவர்கள் இவ்விடத்தில் வாசலுக்கு வருவார்கள். உப்பிட்டுப் புதுப்பிக்கும் அக்கருவி கல்சியத்தை எடுத்து அதற்குப் பதிலாகச் சோடியத்தை விடுகிறது. அதனால் வன்மை நீங்குமே தவிர, உவர்ச்சுவை நீங்காது. குருதியமுக்கம் உள்ளவர் வீட்டில் அந்நீரைக் குடிக்குமுன் மருத்துவரைக் கேட்க வேண்டும். உவரையும் நீக்குவது ஆர்.ஓ. எனப்படும் எதிர்ப்பிரசாரண வடிகட்டிதான். விலையும் பராமரிப்பும் அதிகம், வெளியேற்றும் கழிவுநீரும் அதிகம். குடிக்கவும் சமைக்கவும் மட்டும் அதைப் பயன்படுத்தி, மற்றவற்றுக்கு மாரியில் சேர்த்த கூரைநீரைத் தாங்கியில் வைத்துக்கொள்வது என் வீட்டில் கட்டுப்படியான ஏற்பாடு.

அறிகுறியே இல்லாத கோளாறு

கேத்தில் வெள்ளையாகும், சவர்க்காரம் திரியும், ஆனால் நைத்திரேற்று எதையும் காட்டாது. நிறமில்லை, மணமில்லை, சுவையில்லை. தோட்டங்களில் இடும் உரமும், கிணற்றுக்கு அண்மையில் உள்ள மலசலகூடக் குழியும் சுண்ணக்கல்லின் வெடிப்புகள் வழியே அதைக் கிணற்றுக்குக் கொண்டுவருகின்றன. கொதிக்கவைத்தால் நீர் ஆவியாகி அதன் செறிவு கூடுமே ஒழியக் குறையாது. கைக்குழந்தைக்குப் பால்மா கரைக்கும் வீட்டில் இது விளையாட்டான விடயமன்று: அளவு மிகுந்தால் குழந்தையின் குருதி ஒட்சிசனைக் காவ முடியாமல் உடல் நீலம் பாரிக்கும். அவ்வாறு நிறம் மாறுவதைக் கண்டால் நீரைப் பற்றி யோசித்துக்கொண்டிராமல் நேரே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

இங்கே வீட்டுச் சோதனை முடிந்துவிடுகிறது. தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபையையோ பொதுச் சுகாதாரப் பரிசோதகரையோ அணுகி, நீரை ஆய்வுகூடத்துக்குக் கொடுப்பதே வழி. இலங்கைக் கட்டளைகள் நிறுவனத்தின் எஸ்.எல்.எஸ். 614 நியமம் குடிநீருக்கு விதிக்கும் மேல்வரம்புகளில் மூன்றை அறிக்கையில் முதலில் தேடிப் பார்க்கலாம்: நைத்திரேற்று லீற்றருக்கு 50 மில்லிகிராம், மொத்த வன்மை 250 மில்லிகிராம், குளோரைட்டு 250 மில்லிகிராம். வன்மை வரம்பைத் தாண்டினால் சமையலும் சலவையும் சங்கடப்படும். நைத்திரேற்று தாண்டினால், குழந்தைக்கு அன்றிலிருந்தே வேறு நீர் வேண்டும்.

மாதிரி எடுக்கும் போத்தலை ஆய்வுகூடத்திடமே கேட்டு வாங்குவது நல்லது, குளிர்பானப் போத்தலில் எடுத்துப்போனால் திருப்பி அனுப்பக்கூடும். மாரி முடிந்ததும் ஒருமுறை, கோடையின் கடைசியில் ஒருமுறை எனக் கொடுத்தால் கிணற்றின் இரண்டு முகமும் தெரியும். போகும்போது கிணற்றுக்கும் மலசலகூடக் குழிக்கும் இடையிலுள்ள தூரத்தை அளந்து ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். அடுத்த வளவுக் குழியையும் சேர்த்து அளக்க வேண்டும்.